கஸ்பாவின் முற்றங்கள்: ஆக்கிரமிப்பின் நிழலில் வாழ்ந்த ஒரு நகரத்தின் வரலாறு

1830ஆம் ஆண்டு ஜூலை 5ஆம் நாள் அல்ஜியர்ஸ் நகரம் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. நகரை ஆண்ட டே ஹுசைனும் பிரெஞ்சுத் தளபதி தெ பூர்மோனும் செய்துகொண்ட உடன்படிக்கையில், முஸ்லிம்களின் மார்க்கத்திற்கும் உடைமைக்கும் வணிகத்திற்கும் தீங்கு நேராது, பெண்களின் கண்ணியம் காக்கப்படும் என்று வாக்களிக்கப்பட்டிருந்தது. இரண்டே ஆண்டுகளில் அந்த வாக்குறுதி என்னவாயிற்று என்பதை நகரின் பெருமைமிகு கெச்சாவா பள்ளிவாசல் கண்டது. 1832இல் படையினர் அதனைக் கைப்பற்றித் தேவாலயமாக மாற்றினர். அதன்பின் 130 ஆண்டுகள் அங்கே பாங்கொலி எழவில்லை.

அல்ஜீரிய விடுதலைப் போர் 1954 நவம்பர் 1ஆம் நாள் தொடங்கியது. அதன் படைத்தலைவர்களைப் பற்றியும் அரசியல் பேச்சுவார்த்தைகளைப் பற்றியும் நூல்கள் ஏராளம். இக்கட்டுரை அவற்றைப் பேசவில்லை. போர் உச்சத்தை எட்டிய 1956, 1957ஆம் ஆண்டுகளில், அல்ஜியர்ஸின் பழைய நகரமான கஸ்பாவில், அடுப்பெரித்துப் பிள்ளை வளர்த்து வாழ்ந்த எளிய குடும்பங்கள் எதைக் காத்தன, எதை இழந்தன என்பதே இங்கு நம் கேள்வி.

முற்றமும் மொட்டைமாடியும்

கஸ்பா கடலை நோக்கிச் சரியும் குன்றின்மேல் அமைந்த ஊர். தெருக்கள் பல இடங்களில் படிக்கட்டுகளே. இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி வழிவிட வேண்டிய அளவுக்குக் குறுகிய சந்துகள் அங்குண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வெள்ளைச் சுவரும் ஒரு கதவுமே தெரியும். உள்ளே நுழைந்தால் தூண்கள் சூழ்ந்த நடுமுற்றம், சுற்றிலும் அறைகள், மேலே மொட்டைமாடி. ஒரு வீட்டு மாடியும் அடுத்த வீட்டு மாடியும் ஏறத்தாழத் தொட்டுக்கொண்டு கடல்வரை இறங்கும். மாடிகள் பெண்களின் உலகம். துணி உலர்த்துவதும், அண்டை வீட்டாருடன் அளவளாவுவதும், குழந்தைகளைக் காற்றாட விடுவதும் அங்கேதான். அயல் ஆடவர் அங்கு ஏறுவது பண்பாகாது என்பது ஊர் வழக்கம்.

ஒரு காலத்தில் வசதியான குடும்பம் ஒன்று வாழ்ந்த வீட்டில், 1950களில் அறைக்கொரு குடும்பமாகப் பலர் நெருக்கியடித்து வாழ்ந்தனர். பிரெஞ்சு ஆட்சியில் நிலத்தை இழந்து கிராமங்களிலிருந்து வந்தவர்கள் அவர்களில் பலர். சுமார் 80,000 மக்கள் அச்சிறு பரப்பில் இருந்ததாகக் கணக்கிடுவர். பொது முற்றத்தில் ஒருவர் வீட்டுச் சமையல் மணம் மற்றவருக்குத் தெரியும். ஒருவர் வீட்டு இருமலும் மற்றவருக்குக் கேட்கும். அத்தகைய வீட்டில் இரகசியம் காப்பது தனிமனிதரால் ஆகக்கூடியதன்று. முற்றத்தைப் பகிர்ந்துகொண்ட அனைவரும் வாய்மூடி இருந்தால்தான் அது நிற்கும். அண்டைவீட்டாரின் உரிமையை நம் மார்க்கம் எவ்வளவு வலியுறுத்துகிறது என்பதை நாம் அறிவோம். கஸ்பாவில் அவ்வுரிமை உயிர் காக்கும் அமானிதமாயிற்று.

போர் வாசலுக்கு வந்த ஆண்டு

கஸ்பாவின் மேல் விளிம்பில் பார்பரூஸ் சிறைச்சாலை இருந்தது. 1956 ஜூன் 19ஆம் நாள் விடியலில் அஹ்மத் ஸபானா, அப்துல் காதிர் ஃபர்ராஜ் எனும் இரு விடுதலைப் போராளிகள் அங்கே கில்லட்டினில் தலை துண்டிக்கப்பட்டனர். அதன்பின் பலருக்கும் அதே முடிவு. தண்டனை நிறைவேறும் வேளைகளில் சிறையறைகளிலிருந்து கைதிகளின் முழக்கம் எழும். சுற்றியிருந்த வீடுகளின் பெண்கள் குலவையிட்டு அதற்கு மறுமொழி தருவர். விடியலில் ஒரு தாய் தன் குழந்தையை எழுப்பும் ஓசையும், மரண ஓலமும் ஒரே காற்றில் கலந்த ஊர் அது.

அவ்வாண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள் நள்ளிரவில் கஸ்பாவின் தீப்ஸ் தெருவில் குண்டு வெடித்தது. உறங்கிக்கொண்டிருந்த குடும்பங்களின்மீது வீடுகள் இடிந்து விழுந்தன. வைத்தவர்கள் ஐரோப்பியக் குடியேறிகளில் தீவிரப் போக்கினர். பழிவாங்கும் குரல் கஸ்பாவெங்கும் எழுந்தது. செப்டம்பர் 30ஆம் நாள் தேசிய விடுதலை முன்னணியைச் சேர்ந்த இளம்பெண்கள் ஐரோப்பியர் பகுதியின் ‘மில்க் பார்’, ‘கஃபேடீரியா’ எனும் இரு சிற்றுண்டிக் கடைகளில் குண்டு வைத்தனர். மில்க் பாரில் பாட்டியுடன் அமர்ந்திருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, அந்தப் பாட்டியையும் தன் கால் ஒன்றையும் இழந்தாள்.

இதனை மறைத்து எழுதுவோர் உண்டு. நாம் மறைக்க வேண்டியதில்லை. போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். ஒடுக்கப்பட்டவரின் கோபம் நியாயமானது என்பதால், அக்கோபத்தில் செய்த யாவும் நியாயமாகிவிடாது. தீப்ஸ் தெருவின் குழந்தைக்காக அழும் கண், மில்க் பாரின் குழந்தைக்காகவும் அழ வேண்டும்.

கஸ்பாவின் எளிய மக்கள் இரண்டு அதிகாரங்களுக்கு இடையே வாழ்ந்தனர் என்பதும் உண்மை. விடுதலை முன்னணி அங்கே மறைவானதோர் அரசாங்கமாகவே இயங்கியது. வழக்குகளைத் தீர்த்தது, திருமணங்களைப் பதிந்தது, சந்தா திரட்டியது, சூதாட்டத்தையும் விபசாரத்தையும் ஒழிக்க முனைந்தது. மதுவையும் புகையிலையையும் விலக்கும்படி ஆணையிட்டது. மீறியவர்களைக் கடுமையாகத் தண்டித்தது. காட்டிக்கொடுப்பவர் என ஐயுற்றோரைக் கொல்லவும் தயங்கவில்லை. பெரும்பாலோர் மனம் விரும்பி அதன் பக்கம் நின்றனர். அஞ்சி நின்றோரும் இருந்தனர்.

அடைத்த கடைகளின் எட்டு நாட்கள்

1957 ஜனவரி 7ஆம் நாள் அல்ஜியர்ஸின் காவல் அதிகாரம் முழுவதும் ஜெனரல் மஸ்ஸூவின் பத்தாம் பாராசூட் படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. சுமார் 8,000 வீரர்கள் நகருக்குள் இறங்கினர். கஸ்பாவைச் சுற்றி முள்வேலி எழுந்தது. வாயில்களில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. வேலைக்குச் செல்லும் ஒவ்வோர் ஆணும் கைகளை உயர்த்தி உடல் முழுதும் தடவிச் சோதிக்கப்பட்ட பின்னரே வெளியேற முடிந்தது.

ஐக்கிய நாடுகள் சபையில் அல்ஜீரியா பற்றிய விவாதம் நடைபெறவிருந்தது. மக்கள் எவர் பக்கம் நிற்கிறார்கள் என்பதை உலகுக்குக் காட்ட, ஜனவரி 28 முதல் எட்டு நாட்கள் கடையடைப்பும் வேலைநிறுத்தமும் செய்ய முன்னணி அறைகூவியது. நாட்கூலிக் குடும்பத்துக்கு எட்டு நாள் வருமானமின்மை என்பது என்னவென்று நமக்குத் தெரியும். முன்கூட்டியே இயன்றவர் ரவையும் பருப்பும் எண்ணெயும் வாங்கி வைத்தனர். இயலாதவருக்கு முற்றத்தைப் பகிர்ந்தவர்களும் முன்னணியும் கைகொடுத்தனர்.

முதல் நாள் காலை கஸ்பாவின் கடைகள் திறக்கப்படவில்லை. படையினர் வந்து அடைத்த கதவுகளைப் பெயர்த்து எறிந்தனர். திறந்து கிடந்த கடைகளிலிருந்து சரக்குகள் தெருவில் சிதறின; பலவும் சூறையாடப்பட்டன. தொழிலாளர்களை வீடு புகுந்து இழுத்து லாரிகளில் ஏற்றி வேலைத்தலங்களில் இறக்கினர். சில நாட்களிலேயே வேலைநிறுத்தம் உடைக்கப்பட்டுவிட்டதாகப் படைத்துறை அறிவித்தது. கதவுகளைத் திறந்தது கடப்பாரையே என்பதை அங்கிருந்த வெளிநாட்டுப் பத்திரிகையாளர்கள் கண்டனர். துப்பாக்கியால் ஒரு கடையைத் திறக்க வைக்கலாம். கடைக்காரரின் மனத்தைத் திறக்க வைக்க இயலாது.

வீட்டுக்கு ஓர் எண்

இதைப் படைத்துறையும் உணர்ந்தது. அதனால் அது தன் குறியை மாற்றியது. கர்னல் ரோஜே திராங்கியே என்பவர் வகுத்த திட்டப்படி நகரம் வட்டங்களாகவும், வட்டங்கள் வீட்டுத் தொகுதிகளாகவும், தொகுதிகள் தனித்தனி வீடுகளாகவும் பகுக்கப்பட்டன. ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணும் எழுத்தும் குறிக்கப்பட்டன. குடியிருப்போர் அனைவரும் கணக்கெடுக்கப்பட்டனர். ஒவ்வொரு கட்டடத்துக்கும் அங்கு வாழும் ஒருவரே பொறுப்பாளராக்கப்பட்டார். யார் வந்தார், யார் இரவு தங்கினார், யார் திடீரெனக் காணவில்லை என்பதை அவர் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கத் தவறினால் பழி அவர்மேல் விழும்.

ஓர் ஏழைத் தந்தை இப்பொறுப்புக்கு ஆளானால் அவர் நிலை என்ன? சொன்னால் அடுத்த அறையில் வாழும் பிள்ளைகள் தந்தையை இழப்பர். சொல்லாவிட்டால் தன் பிள்ளைகள் தந்தையை இழப்பர். துருவித் துருவி உளவு பார்ப்பதை அல்குர்ஆன் தடுத்திருப்பதன் ஆழத்தை அந்த வீட்டு வாசலில் நின்று பார்த்தால்தான் புரியும். உளவு ஒருவரின் இரகசியத்தோடு நிற்பதில்லை. ஒரு முற்றத்தில் வாழ்வோர் ஒருவரையொருவர் நோக்கும் பார்வையையே அது நஞ்சாக்கிவிடுகிறது.

அடுத்து, முகத்தில் துணி உறை மாட்டிய மனிதர்கள் சோதனைச் சாவடிகளில் நிறுத்தப்பட்டனர். கடந்து செல்வோரில் ஒருவரை அவர்கள் தலையசைத்துக் காட்டினால் போதும். பிடிபட்டுச் சித்திரவதையில் உடைந்தவர்களுக்கும், விலைபோனவர்களுக்கும் நீலநிறத் தொழிலாளர் உடை அணிவித்துப் பழைய தோழர்களை அடையாளம் காட்டக் கஸ்பாவின் சந்துகளிலேயே உலவவிட்டனர். நேற்றுவரை ஸலாம் சொன்னவர் இன்று யாருக்காக ஸலாம் சொல்கிறார் என்று ஐயுற வேண்டிய நிலை உருவாயிற்று.

அத்தகைய நாட்களிலும் பல வீடுகள் மூடிய வாயைத் திறக்கவில்லை. கொத்தனார்கள் சுவர்களுக்குள் ஓராள் மறையும் பொந்துகளைக் கட்டினர். தேடுதல் நடக்கையில் மாடியிலிருந்து மாடிக்குப் பெண்கள் வழிகாட்டினர். பத்து, பன்னிரண்டு வயதுச் சிறுவர்கள் கடிதம் சுமந்தனர். அச்சிறுவர்களுள் ஒருவன் ‘சின்ன உமர்’ என்று அழைக்கப்பட்டவன். 1957 அக்டோபர் 8ஆம் நாள், அலீ லா புவாந்த், ஹஸீபா பின் பூஅலி ஆகியோருடன் அவனும் மறைந்திருந்த பொந்தைப் படையினர் வெடிவைத்துத் தகர்த்தனர். அங்கு உள்ளிருந்தவர்களுடன் அக்கம்பக்கத்து வீடுகளில் இருந்த பலரும், குழந்தைகள் உட்பட, மாண்டனர். சிறுவர்களைப் போருக்குள் இழுத்ததன் பொறுப்பிலிருந்து இரு தரப்பாரில் எவரும் தப்ப முடியாது.

ஜனாஸா இல்லாத மரணங்கள்

அவ்வாண்டு ரமழான் ஏப்ரல் தொடக்கத்தில் வந்தது. ஸஹர் வேளையில் கதவு தட்டப்பட்டால் நம் வீடுகளில் எழுப்பிவிட வந்தவர் என்று எண்ணுவோம். அல்ஜியர்ஸில் இரவில் தட்டப்படும் கதவுக்குப் பொருள் வேறு. கைதுகள் பெரும்பாலும் இரவில் நடந்தன. கைது ஆணை இல்லை. எங்கு கொண்டு செல்கிறோம் என்ற பதில் இல்லை. நகரைச் சுற்றிய மாளிகைகளிலும் பள்ளிக்கூடக் கட்டடங்களிலும் விசாரணை என்ற பெயரில் மின்சாரமும் நீரும் கொண்டு வதை நடந்தது.

காலையில் மனைவியரும் தாய்மாரும் அரசு அலுவலகங்களுக்கு நடந்தனர். மனு எழுதினர். ‘அவர் எங்களிடம் இல்லை’, ‘தப்பியோடிவிட்டார்’ என்பன கிடைத்த பதில்கள். அல்ஜியர்ஸ் காவல்துறைக்குப் பொறுப்பான தலைமைச் செயலாளராக இருந்த பால் தெட்ஜென், தம் கையொப்பத்தில் காவலில் வைக்கப்பட்டோர் சுமார் 24,000 பேர் என்றும், அவர்களில் 3,024 பேர் கணக்கில் இல்லை என்றும் பின்னர் தெரிவித்தார்.

காணாமற்போதல் என்பது மரணத்தினும் கொடிய துயரை ஒரு முஸ்லிம் குடும்பத்தின்மேல் சுமத்துகிறது. இறந்தவரைக் குளிப்பாட்டிக் கஃபனிட்டு, ஜனாஸாத் தொழுது, மண்ணில் ஒப்படைத்து, துஆ செய்து மனம் ஆறுவது நம் வழி. உடல் இல்லாதவருக்கு இவை எதுவும் இல்லை. அவர் மனைவி இத்தா இருப்பதா, காத்திருப்பதா? சொத்தைப் பங்கிடுவதா, வைத்திருப்பதா? மகளுக்கு நிகாஹ் பேசுகையில் வலீ யார்? காணாமற்போன கணவரின் நிலை குறித்து ஃபிக்ஹ் அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். எனினும் அலமாரியில் மடித்து வைத்த சட்டையை என்ன செய்வது என்பதற்கு எந்நூலிலும் விடை இல்லை.

2018இல் வரலாற்றாய்வாளர் சிலர், அன்று குடும்பங்கள் அளித்த மனுக்களின் கோப்புகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பெயர்களை இணையத்தில் வெளியிட்டனர். அறுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பதில் எழுதினர். புகைப்படம் அனுப்பினர். அந்த இரவு கதவு தட்டப்பட்டது எப்படி என்று எழுதினர்.

ஹாயிக்கும் சோதனைச் சாவடியும்

அல்ஜியர்ஸ் பெண்கள் வெளியே செல்கையில் ‘ஹாயிக்’ எனும் வெண்போர்வையால் உடலைச் சுற்றி, சிறு துணியால் முகத்தின் கீழ்ப்பகுதியை மறைத்தனர். தொடக்கத்தில் படையினர் பெண்களைச் சோதிக்கத் தயங்கினர். அதனால் கடிதமும் பணமும், சில வேளை ஆயுதமும் ஹாயிக்கின் மறைவில் சென்றன. பின்னர் பெண்களும் சோதிக்கப்பட்டனர். 1958 மே மாதம், படைத்துறையின் ஏற்பாட்டில் நகரின் பெருந்திடலில் பெண்களின் முகத்திரை அகற்றும் சடங்குகள் நடத்தப்பட்டன. விடுதலை என்று அதற்குப் பெயரிட்டனர். 1830இல் காப்போம் என்று எழுதிக் கொடுத்த கண்ணியத்தை இப்போது மேடையேற்றிக் கைத்தட்டினர். ஹாயிக்கை மறந்துகொண்டிருந்த பெண்கள் சிலர் அதன் பின்னர் மீண்டும் அதனை அணியத் தொடங்கினர் என்று முன்னர் அல்ஜீரியாவில் பணியாற்றிய மருத்துவர் ஃப்ரான்ஸ் ஃபனான் எழுதியிருக்கிறார்.

லூயிஸெத் இகிலஹ்ரீஸ் என்பவர் அல்ஜியர்ஸின் ரொட்டிக் கடைக்காரர் ஒருவரின் மகள். இருபது வயதில் போராட்டத்தில் சேர்ந்தார். 1957 செப்டம்பரில் காயமுற்றுப் பிடிபட்டு, சுமார் மூன்று மாதம் வதைக்கப்பட்டார். 2000ஆம் ஆண்டு ஜூனில் அவர் பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் தம் கதையைச் சொன்னபோது பிரான்ஸ் அதிர்ந்தது. பழிவாங்குவதற்காக அவர் வாய் திறக்கவில்லை. தம்மைக் கண்டு அதிர்ந்து, மருத்துவமனைக்கு அனுப்பி உயிர் காத்த ரிஷோ எனும் பிரெஞ்சுப் படை மருத்துவரைக் கண்டு நன்றி சொல்லவே அவர் விரும்பினார். அம்மருத்துவரோ அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே மறைந்துவிட்டிருந்தார்.

மறுகரையில் நின்ற நீதி

மேலே சொன்ன பால் தெட்ஜென், இரண்டாம் உலகப் போரில் நாஜிகளிடம் வதைபட்டவர். அல்ஜீரியக் கைதிகளின் உடலில் கண்ட வடுக்கள் தம் பழைய வடுக்களை நினைவூட்டின என்று சொல்லி, 1957இல் பதவி விலகினார். ஜெனரல் தெ போலார்தியேர் வதையை எதிர்த்துத் தம்மை விடுவிக்கக் கோரினார். கோட்டைச் சிறையில் 60 நாட்கள் வைக்கப்பட்டார். இளம் கணித ஆசிரியர் மொரீஸ் ஓதேன் அல்ஜீரியர்களின் பக்கம் நின்றதால் ஜூன் 11ஆம் நாள் கைதானார். மனைவியும் மூன்று சிறு குழந்தைகளும் அவரை மீண்டும் காணவில்லை. அல்ஜியர்ஸ் பேராயர் துவால் வதையைப் பகிரங்கமாகக் கண்டித்தார். அதற்காகக் குடியேறிகள் அவரை ‘முஹம்மத் துவால்’ என்று ஏளனம் செய்தனர். அவருடைய பேராலயமோ, பறிக்கப்பட்ட கெச்சாவா பள்ளிவாசலின் கட்டடம்!

ஒரு சமூகத்தின்மீதுள்ள பகை நீதி செலுத்துவதிலிருந்து உங்களைத் தடுத்துவிட வேண்டாம் என்பது நமக்கிடப்பட்ட கட்டளை. நம்மீது அச்சமூகத்தாரில் சிலர் நீதி செலுத்தினால் அதை நினைவுகூர்வதும் அக்கட்டளையின் பகுதியே. பிரெஞ்சு அரசு உண்மையை ஒப்புக்கொள்ளப் பல்லாண்டுகள் எடுத்துக்கொண்டது. ஓதேனின் மரணத்திற்கான பொறுப்பை 2018இலும், வழக்கறிஞர் அலீ பூமன்ஜலின் கொலையை 2021இலும், தலைவர் அல்அரபி பின் மஹீதியின் கொலையை 2024இலும் அதன் குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொண்டார். தற்கொலை செய்துகொண்டதாகவோ தப்பியோடியதாகவோ கதை சொல்லி இவர்களின் கொலைகள் அன்று மறைக்கப்பட்டன என்பதைத்தான் இவ்வொப்புதல்கள் காட்டுகின்றன.

மீண்டும் எழுந்த பாங்கொலி

1957 முடிவில் அல்ஜியர்ஸில் விடுதலை முன்னணியின் அமைப்பு நொறுங்கிப் போயிருந்தது. போரில் வென்றுவிட்டதாகப் படைத்துறை கருதியது. மூன்றாண்டுகள் கழித்து, 1960 டிசம்பர் 11ஆம் நாள், ஏவுவார் இன்றி ஆண்களும் பெண்களும் சிறுவர்களும் ஏழை வட்டாரங்களிலிருந்து பச்சை வெள்ளைக் கொடிகளுடன் தெருவில் இறங்கினர். வீடுகளை எண்ணிய கணக்கில் மனங்கள் அடங்கியிருக்கவில்லை. எனினும் விடுதலையின் விளிம்பிலும் சாவு ஓயவில்லை. 1962 மே 2ஆம் நாள், குடியேறிகளின் மறைவுப்படை துறைமுகத்தில் வைத்த குண்டு, அன்றைய கூலி தேடி விடியலில் வரிசையில் நின்ற அறுபதுக்கும் மேற்பட்ட சுமைதூக்கும் தொழிலாளர்களைக் கொன்றது.

1962 ஜூலை 5ஆம் நாள் அல்ஜீரியா விடுதலை கொண்டாடியது. உடன்படிக்கை கையொப்பமான அதே நாள், 132 ஆண்டுகளுக்குப் பின். நவம்பர் 2ஆம் நாள் வெள்ளிக்கிழமை, கெச்சாவாவில் மீண்டும் ஜும்ஆத் தொழுகை நடந்தது. மூத்த அறிஞர் ஷைக் பஷீர் அல்இப்ராஹீமி குத்பா நிகழ்த்தினார்.

அன்று அந்த ஸஃப்புகளில் நின்றவர்களை எண்ணிப் பாருங்கள். வாய்திறவாமல் அண்டைவீட்டாரைக் காத்தவர் நின்றிருப்பார். வதை தாங்காமல் ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, அதன்பின் உறக்கமற்றவரும் நின்றிருப்பார். தந்தை எங்கே புதைக்கப்பட்டார் என்று தெரியாத மகனும் நின்றிருப்பான். தோளோடு தோள் சேர்ந்து நிற்பதுதான் தொழுகையின் ஒழுங்கு. அந்நியர் உடைக்க முயன்றது அந்தத் தோள்களின் நெருக்கத்தையே.

கஸ்பா இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. சுவர்கள் பல இடிந்து வருகின்றன. முற்றத்து அமானிதம் எனும் மரபோ சுவரை நம்பி நிற்பதன்று. நம் தெருவில், நம் அடுக்குமாடியில், அடுத்த வீட்டுக் குறை நம் காதுக்கு எட்டும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதில் அது வாழ்கிறது, அல்லது மாய்கிறது. சோதனை வராத நாளில் அண்டைவீட்டாரின் மானத்தைக் காக்கப் பழகாதவர், சோதனை நாளில் அவர் உயிரைக் காப்பார் என்று எதிர்பார்க்க இயலாது.

காணாமற்போனவர்களின்மீது அல்லாஹ் கருணை பொழிவானாக. இன்றும் ஆக்கிரமிப்பின் கீழ் வாழும் குடும்பங்களுக்கு அச்சமற்ற இரவுகளை அவன் அருள்வானாக. ஆமீன்.